கொடியசைக்க ஆள் பாத்தாச்சா, மாப்ளே?

வா மாப்ளே, இப்படி உக்காரு. உங்கம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. தேஹு ரோட்டுலருந்து பம்பாய்க்குக் கரண்டு பஸ்ஸு விடப்போறியாம். ஒரு பஸ்ஸு கூட டீசல் கிடையாதாம். புகை வராதாம், சத்தம் கேக்காதாம். கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. நம்ம வம்சத்துல மாட்டுவண்டிக்கு மேல எவனும் முதலாளி ஆனதில்ல. நீ ஒரே தாவுல ஏ.சி. கோச்சுல போய் உக்காந்துட்ட. பஸ்ஸோட பக்கவாட்டுல என்ன படம் வரையணும், சீட்டு உறை என்ன கலரு, திறப்பு விழாவுக்கு எந்த எம்.எல்.ஏ., அவருக்கு என்ன மாலை, எல்லாம் முடிவாயிருச்சாமே. சபாஷ். தொழில்ல கஷ்டமான வேலையெல்லாம் முடிச்சுட்ட. பாக்கி இருக்கிறது இடம், கரண்டு, டிரைவரு, பயணி, பணம். இந்தச் சில்லறை சமாச்சாரந்தான்.

இந்த ரோட்டுல நாந்தான் முதல்ல விடுறேன்னு நாலு பேருகிட்டச் சொல்லிக்கிட்டு அலையிறியாம். சொல்லு, சொல்லு. சொல்றதுக்குக் காசா பணமா? ஆனா டெக்கான் குயின் ரயிலு 1930 ஜூன் 1-ந் தேதியிலருந்து பூனாவுக்கும் பம்பாய்க்கும் கரண்டுலதான் ஓடுது. அது நம்ம ஸ்டேஷன்ல நிக்காம போயிரும், அதனால உன் கண்ணுல படல போல. மகாராஷ்டிரா அரசு பஸ் விடுற எஸ்.டி. கார்ப்பரேஷன் தன்னோட முதல் பஸ்ஸ பூனாவுலருந்து அகமத்நகருக்கு விட்டதும் ஒரு ஜூன் 1-ந் தேதிதான், 1948-ல. 74 வருஷம் கழிச்சு, 2022-ல, அதே ஜூன் 1-ந் தேதி, அதே ரோட்டுல, ஷிவாயின்னு பேரு வச்சு முதல் கரண்டு பஸ்ஸ விட்டான். நாள் பாத்து விடுறதுல நம்ம ஊரு ஜோசியக்காரனே அவங்கிட்டப் பாடம் கேக்கணும். அந்த வருஷம் அக்டோபர்லயே ஈவே டிரான்ஸுங்கிற தனியார் கம்பெனி பூனா–பம்பாய்க்குக் கரண்டு கோச்சு விட்டுருச்சு. அடுத்த வருஷம் எஸ்.டி.யோட ஈ-ஷிவ்நேரி வந்துச்சு. பூனா டவுன் பஸ்ஸுன்னு பாத்தா 2019 பிப்ரவரியிலருந்து பி.எம்.பி.எம்.எல். ஓட்டுது. நீ தினம் டீ குடிக்கப் போற நிக்டியில அவனுக்கு ஒரு சார்ஜிங் டிப்போவே இருக்கு. ஆனா ஒண்ணுல மட்டும் நீதான் முதல் ஆளு. என் தங்கச்சி நகைய அடகு வச்சுக் கரண்டு பஸ்ஸு வாங்கப் போற மொதல் மனுசன் இந்தியாவுலயே நீதான்.

கரண்டு பஸ்ஸு மலை ஏறாதுன்னு எவனாவது சொன்னா நம்பாத. ஏறும். 2017-லயே மணாலியிலருந்து ரோத்தாங் கணவாய்க்கு இமாச்சல் அரசு ஓட்டிப் பாத்துருச்சு. 2022-லருந்து திருப்பதி மலைக்கே கரண்டு பஸ்ஸு போயிட்டு வருது. பெருமாளே ஒத்துக்கிட்டாரு, கண்டாலா மலை ஒத்துக்காதா? அதனால பஸ்ஸு ஏறுமான்னு நான் கேக்க மாட்டேன். கணக்கு ஏறுமான்னுதான் கேப்பேன்.

அந்த மலையிலருந்தே ஆரம்பிப்போம். நம்ம பக்கம் கிவளேயில எக்ஸ்பிரஸ்வேயில ஏறுறவன் லோனாவளா, கண்டாலா தாண்டி கோபோலிக்கு எறங்குறதுக்குள்ள 500 மீட்டருக்கு மேல தாழ்ந்துருவான். ஆள், மூட்டையோட உன் கோச்சு 18 டன்னுன்னு வையி. 18 டன்ன 500 மீட்டர் தூக்கணும்னா, காத்து, டயர் தேய்மானம், மோட்டார்ல போற நட்டம், எதையும் சேக்காமலே 25 யூனிட்டு வேணும். இது பள்ளிக்கூடத்துக் கணக்கு, உன் பையன்கிட்டயே கேட்டுக்க. ஆக, பம்பாய்லருந்து திரும்பி வர்ற டிரிப்பு, போற டிரிப்பவிட எப்பவும் கூடத்தான் குடிக்கும். கம்பெனிக்காரன் 250 கிலோமீட்டர் ஓடும்னு சொல்றதை ரெண்டால வகுத்து, போக 125, வர 125-ன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காத. சமதரையில வகுக்கலாம். இந்த போர் காட் மலையில வகுக்க முடியாது.

எறங்கும்போது என்னா? அங்கதான் வேடிக்கை. ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தா மோட்டாரே சைக்கிள் டைனமோ மாதிரி திரும்பிக்கிட்டு, வண்டியையும் இழுத்துப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் கரண்ட அனுப்பும். முழுசாத் திரும்பாது, ஒரு பங்குதான். சும்மா வர்றதை வேணாம்னு எவன் சொல்லுவான்? உன் டிரைவர் சொல்லுவான். நீ யாரக் கூட்டிட்டு வரப்போற? டீசல் வண்டியில இருபது வருஷம் ஊறினவனத்தான. அவன் எறக்கத்துல என்ன பண்ணுவான்? ஓனருக்கு டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல தட்டி உருட்டுவான். சட்டத்துக்கும் தப்பு, உசுருக்கும் தப்பு, ஆனா பழக்கம். அந்தப் பழக்கத்தோட கரண்டு பஸ்ஸுல உக்காந்தா, சும்மா வர்ற யூனிட்டையும் காத்துல விட்டுட்டு, பிரேக்கையும் தேய்ச்சு, "முதலாளி, வண்டிய பூ மாதிரி எறக்கிட்டேன்"னு உங்கிட்டயே பேட்டாவும் வாங்கிருவான். பஸ்ஸுக்கு வைக்கப்போற எல்.இ.டி. போர்டுக்கு ஒதுக்கின காசுல பாதிய அவனுக்குப் பயிற்சி குடுக்க ஒதுக்கு. போர்டு எரியாட்டி ஒண்ணும் கொறையாது.

இன்னொண்ணு, காதக் கொடு. லோனாவளாவுல சிக்கி மிட்டாய் வாங்க வண்டிய நிப்பாட்டுற நேரத்துல முழுக்கச் சார்ஜ் போட்டுக்கலாம்னு உங்கூட சுத்துற அந்த இன்ஜினியர் பையன் சொன்னானாமே. அவனுக்கு ஒரு சல்யூட்டு. நூத்துக்கு நூறு நெறஞ்ச பேட்டரியோட எறக்கத்துல இறங்குனா, திரும்பி வர்ற கரண்ட எங்க ஊத்துவ? பேட்டரி வாங்கிக்காது. மலைக்கு மேல கொறையா வச்சுக்கணும், கீழ போய் நெறச்சுக்கணும். இதே லோனாவளா தண்ணிய இதே கோபோலிக்கு இறக்கிவிட்டு 1915-லருந்து டாட்டாக்காரன் கரண்டு எடுத்துக்கிட்டு இருக்கான். எறக்கத்துல காசு இருக்குன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தன் கண்டுபிடிச்சுட்டான். உங்க இன்ஜினியருக்கு அவசரம் ஒண்ணுமில்ல, பைய வரட்டும்.

சரி, காசுக்கு வா. டீசல் கோச்சு லிட்டருக்கு மூணரை, நாலு கிலோமீட்டர் குடுக்கும். லிட்டரு 90 ரூபாய்னா கிலோமீட்டருக்கு 24 ரூபாய். கரண்டு கோச்சுக்கு ஏ.சி.யோட கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் யூனிட்டுன்னு வையி. சொந்தமா மின்வாரியத்துக்காரன் மகாவிதரண்கிட்டக் கனெக்ஷன் எடுத்து எல்லாச் செலவும் சேத்து யூனிட்டு 10 ரூபாய்க்குள்ள முடிச்சியானா கிலோமீட்டருக்குப் பன்னெண்டு, பதிமூணு. பாதிக்குப் பாதி மிச்சம்னு நீ துள்ளுறது இதப் பாத்துத்தான். துள்ளு. ஆனா ஹைவேயில எவனோ வச்சிருக்கிற பாஸ்ட் சார்ஜர்ல போய்ச் சொருகினா வரியோட யூனிட்டு 20 ரூபாய்க்குப் பக்கத்துல வந்துரும். அப்ப கிலோமீட்டருக்கு 25. டீசலவிட ஒரு ரூபாய் ஒசத்தி! புகையில்லாத நட்டம். அது ஒரு தனிச் சொகம்.

பஸ்ஸு வெலையும் பாக்கணுமே. டீசல் கோச்சவிட ஒரு 65 லட்சம் கூடன்னு வச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு 11 ரூபாய் மிச்சம், ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர், வருஷத்துல 330 நாள் ஓடுச்சுன்னா வருஷத்துக்கு 18 லட்சம். மூணரை வருஷத்துல அந்தக் கூடுதல் பணம் திரும்பிரும். அதே பஸ்ஸு ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடிட்டு மீதி நேரம் பூ மாலையோட நின்னுச்சுன்னா ஒம்பது வருஷம் ஆகும். அதுக்குள்ள பேட்டரிக்குக் கருமாதி பண்ற நாள் வந்துரும். இது ஓடிக்கிட்டே இருந்தாத்தான் சாப்பாடு போடுற வண்டி மாப்ளே. நின்னா கடன்.

நிக்காம ஓடுமா? பம்பாய் போய்த் திரும்ப 300 கிலோமீட்டர், ஒரு சார்ஜுல முடியாது. அங்க ஒரு தடவ போட்டே ஆகணும். 300 யூனிட்டு பேட்டரிய இருபது பர்சென்ட்லருந்து எம்பதுக்குக் கொண்டுவர 180 யூனிட்டு. 240 கிலோவாட் சார்ஜர் முழுசா உனக்கே கெடச்சா முக்கா மணி நேரம். அதே சார்ஜரோட இன்னொரு துப்பாக்கிய வேறொருத்தன் சொருகிட்டான்னா ஆளுக்குப் பாதி, ஒண்ணரை மணி நேரம். அவனுக்கு முன்னாடி ஒருத்தன் நின்னா? டிரைவரும் கிளீனரும் டீ குடிச்சே உன் லாபத்த முடிச்சுருவானுக. மதுரையில டி.வி.எஸ். அய்யங்கார் 1912-ல பஸ்ஸு ஓட்ட ஆரம்பிச்ச காலத்திலருந்து, அவரு பஸ்ஸப் பாத்துக் கடிகாரத்த சரி பண்ணிக்குவாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. யுத்த காலத்துல பெட்ரோல் கெடைக்காதப்ப, பின்னாடி கரி அடுப்பு மாட்டி அந்தக் கேஸுல ஓட்டினாராம் அந்த மனுசன். கரி பஸ்ஸும்பாங்க. எதுல ஓடுச்சுங்கிறது ஜனத்துக்கு ரெண்டாம் பட்சம். எத்தன மணிக்கு வருதுங்கிறதுதான் கேள்வி. வாக்கட் பாலத்துக்கிட்ட வெயில்ல நிக்கிற பொம்பளைகிட்டப் போய் "அம்மா, எங்க பஸ்ஸு கார்பன் விடாது"ன்னு சொல்லிப் பாரு. கொடையாலயே ஒண்ணு போடும்.

இதுல இன்னொரு கூத்து. மகாவிதரண்காரன் பகல்ல வெயிலடிக்கிற நேரத்துக்கு ரேட்டக் கொறைச்சு, சாயங்காலத்துக்கு ஏத்தி வச்சிருக்கான். சோலார் கரண்டு பகல்லதான கொட்டுது. நம்ம ஜனம் எப்பப் பயணம் கெளம்பும்? காலையில ஆறுக்கும் சாயங்காலம் அஞ்சுக்கும். ஆக, மத்தியானம் பஸ்ஸு காலியாக் கெடக்கும்போது கரண்டு மலிவு, பஸ்ஸு நெறையும்போது கரண்டு கிராக்கி. இதுல பகவான் உனக்கு ஒரு சூசகம் காட்டுறாரு. மத்தியானத்துல மொத்த பஸ்ஸையும் நெறச்சு வச்சுக்க. அதுக்கு உனக்குன்னு சொந்த மீட்டரும் சொந்த இடமும் வேணும். அந்த இடத்தப் பத்திப் பேசத்தான் நான் உன்னக் கூப்பிட்டதே.

இடம் பாத்துட்டேன் மாமா, ஹைவேக்குப் பக்கத்துல, அடிமாட்டு வெலைன்னு குதிச்சியாம். ஏன் அடிமாட்டு வெலைன்னு தரகர்கிட்டக் கேட்டியா? அவன் உன் மூஞ்சியப் பாத்துட்டு "உங்க ராசி சார்"னு சொல்லியிருப்பான். நீ பாத்தது ரெட் ஜோன்டா. 1903-ல வெள்ளக்காரன் போட்ட சட்டம். ராணுவத்தோட வெடிமருந்துக் கெடங்கச் சுத்தி 2,000 கஜத்துக்குக் கட்டடம் கட்டக் கூடாது. இந்தத் தேஹு ரோட்டுலயும் சுத்துப்பட்டுலயும் எத்தன குடும்பம் வீட்ட வாங்கிட்டுப் பட்டாவும் இல்லாம லோனும் இல்லாம முழிக்குதுன்னு தெரியாத மாதிரி கேக்குற. நீ பொறந்து வளந்ததே இங்கதான். நான் சர்வீஸ் முழுக்கச் சம்பளம் வாங்கினது வெடிமருந்து வைக்கிற டிப்போவுல. நீ ஆரம்பிக்கப் போறது லிதியம் பேட்டரி வைக்கிற டிப்போ. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக்கலாம்னு உனக்குத் தோணிச்சு பாரு, அந்த மூளைய உங்கம்மா உப்புப் போட்டு பத்திரமா வச்சுக்கணும். கேட்டுல நிக்கிற ஜவான்கிட்டப் போய், "ஐயா, 1,200 கிலோவாட்டுக்கு டிரான்ஸ்பார்மர் போட்டு அஞ்சு பஸ்ஸு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏத்தப்போறேன், நெருப்புப் பிடிக்காதுன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான்"னு மராத்தியிலயும் சொல்லு, இந்தியிலயும் சொல்லு. அவன் எந்த பாஷையில பதில் சொல்லுவான்னு எனக்குப் பாக்கணும். சொல்லப் போறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடு. தூரமா நின்னு பாக்குறேன்.

அரசாங்கம் கைகொடுக்கும் மாமாங்கிற. கொடுக்குதே, யாரு இல்லைன்னா? கரண்டு வண்டிக்குப் பர்மிட்டு வேணாம்னு 2018-லயே டெல்லியில சொல்லிட்டான். 2025-ல மகாராஷ்டிராக்காரன் போட்ட கொள்கையில எக்ஸ்பிரஸ்வே, சம்ருத்தி ரோடு, அடல் சேது, மூணுலயும் கரண்டு பஸ்ஸுக்கு டோல் கெடையாதுன்னு எழுதியிருக்கான். பச்ச போர்டுல மஞ்ச எழுத்து மாட்டிக்கிட்டு உர்சே டோல்ல ராஜா மாதிரி போவ, பாஸ்டாக்குல காசு வெட்டலையான்னு தினம் ஒரு தடவ மட்டும் பாத்துக்க. ஆனா கடைசிப் பக்கத்தயும் படிச்சியா? அந்தக் கொள்கை 2030 வரைக்குந்தான். நீ பேங்குல கேட்டிருக்கிறது ஏழு வருஷக் கடன். பின்னாடி ரெண்டு, மூணு வருஷம் டோல் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு இப்பவே ஒரு தாள்ல எழுதிப் பாத்துரு. அரசாங்கம் உங்கல்யாணத்துக்கு வந்த மாமா இல்ல, கடைசிப் பந்தி வரைக்கும் நின்னு பரிமாறுறதுக்கு.

பஸ்ஸு மட்டும் சொன்ன தேதிக்கு வந்துரும்னு நெனைக்கிறியா? எஸ்.டி. கார்ப்பரேஷன் 5,150 கரண்டு பஸ்ஸு வாடகைக்கு ஒப்பந்தம் போட்டுச்சு. 2025 மே மாசம் போக்குவரத்து மந்திரி பிரதாப் சர்நாயக் எந்திரிச்சு, சொன்ன நேரத்துக்கு பஸ்ஸு வரல, ஒப்பந்தத்த ரத்து பண்ணுங்கன்னாரு. ஒரு மாநில அரசாங்கத்துக்கே அந்த கெதி. அஞ்சு பஸ்ஸு கேக்குற உன்ன அந்தக் கம்பெனி மேனேஜர் எந்த நாற்காலியில உக்கார வைப்பான்? நாற்காலி இருந்தாச் சரி. ஆர்டர் குடுக்கும்போது தாமதமானா நாளைக்கு எவ்வளவு வெட்டுவேன்னு எழுதி வாங்கு. பேட்டரி எத்தன வருஷத்துல எத்தன பர்சென்டுக்குக் கீழ போனா மாத்தித் தருவான்னு எழுதி வாங்கு. வாயால சொன்னத உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிக்க, அவ ஒருத்திதான் நம்புவா.

அப்புறம் எதிராளி யாருன்னு பாத்தியா? எஸ்.டி.யில பொம்பளைகளுக்குப் பாதி டிக்கெட்டு. 75 வயசு தாண்டினவனுக்குச் சும்மா. உன் மாமனாகிய நானே, ஏழுமல சத்தியமா, உன் பஸ்ஸுக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, வழியனுப்பி வச்சுட்டு, பின்னாடி வர்ற எஸ்.டி.யிலதான் ஏறுவேன். கோவிச்சுக்காத. சொந்தம் சொந்தம், ஓசி ஓசி. ஆகவே, எஸ்.டி. நிக்காத எடத்துல, எஸ்.டி. கெளம்பாத நேரத்துல நீ நிக்கணும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ஹிஞ்ஜவடியில ஐ.டி. பையங்க தூங்கி வழியிறானுக. தளேகாவ், சாகன் பக்கம் பேக்டரிக்காரன் இருக்கான். மாச வாடகைக்கு ஒரே ரூட்டு, ஒரே நேரம், இருக்கிற இடத்துலயே திரும்ப வர்ற வண்டி. கரண்டு பஸ்ஸுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை அதுதான். மினுக்கு இல்ல, மாலை இல்ல, எம்.எல்.ஏ. வர மாட்டாரு. காசு வரும்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு இங்கருந்து கோவில்பட்டிக்கே விடப்போறேன்னும் சொன்னியாம். நம்ம சங்கத்து ஆளுங்க கைதட்டினாங்களாமே. 2024 அக்டோபர்ல நியூகோ பஸ்ஸு ஜம்முவுலருந்து கன்னியாகுமரிக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல வந்துச்சேன்னு நீ மடக்குவ. வந்துச்சு, நான் இல்லைங்கல. அவன் நாடு பூரா பஸ்ஸு ஓட்டுறவன், எங்க சார்ஜ் போடணும்னு ஒரு படையே திட்டம் போட்டுச்சு. உனக்கு யாரு? கோவில்பட்டி சுமாரா 1,400 கிலோமீட்டர். ஆறு எடத்துல சார்ஜ் போடணும். ஒரு எடத்துல மெஷின் ரிப்பேரு, ஒரு எடத்துல கரண்டு கட்டு. பொங்கலுக்குக் கெளம்பினா ஜனம் காணும்பொங்கலுக்குப் போய்ச் சேரும். அவங்க எல்லாரும் உன் சொந்தக்காரங்க வேற. பஸ்ஸுல ஏத்தின பாவத்துக்கு ஒரு கல்யாண வீட்டுல உன்னால தலைகாட்ட முடியாது.

உன்னப் பயமுறுத்துறேன்னு நெனைக்காத. கரண்டு பஸ்ஸு நல்ல வண்டிதான். கண்டாலாவுல சனிக்கெழம டிராபிக்குல மூணு மணி நேரம் மாட்டினாலும் டீசல் மாதிரி புகைஞ்சு சாவாது, ஏ.சி.க்கு ஆகுற யூனிட்டோட சும்மா இருக்கும். கியர் கெடையாது, கிளட்ச் கெடையாது, எஞ்சின் ஆயில் மாத்துற வேலை கெடையாது. எனக்குப் பிடிச்சது அதுதான். எனக்குப் பிடிக்காதது, வயர் எங்கருந்து வருதுன்னு தெரியாம பஸ்ஸுக்குப் பேரு வைக்கிற உன் பவுசு. ஊர்ல பாதிப்பேரு பஸ்ஸ வாங்கிட்டு இடம் தேடுறான். நீ எடத்தையும் வயரையும் பிடிச்சுட்டு பஸ்ஸத் தேடு. பஸ்ஸு ஷோரூம்ல கெடைக்கும். உயரழுத்த ஹெச்.டி. லைனு கெடைக்காது.

அதனால ஒண்ணு செய்யி. ரெட் ஜோன் மேப்ப கன்டோன்மென்ட் ஆபீஸ்ல கேட்டு வாங்கு. அந்தக் கோட்டுக்கு வெளிய, கிவளே தாண்டி, சப்-ஸ்டேஷனுக்குப் பக்கமா ஒரு ரெண்டு ஏக்கர் குத்தகைக்குக் கேளு, விலைக்குக் கேக்காத. மகாவிதரண்ல லோடு அப்ளிகேஷன் குடு. எத்தன கிலோவாட் தருவான், எத்தன மாசத்துல தருவான், லைன் இழுக்குற செலவு யாரோடதுன்னு எழுத்துல வாங்கிட்டு வா. அந்தக் காயிதத்தப் பாத்துட்டுத்தான் பேங்கு மேனேஜர்கிட்ட ஜாமீன் கையெழுத்துப் பத்தி நான் வாயே தெறப்பேன். நகைய அதுவரைக்கும் உங்கம்மா கழுத்துலயே விட்டு வையி, அங்க நல்லா இருக்கு.

இப்பவே கெளம்பிறாத, ஒக்காரு. இன்னைக்கு வெள்ளிக்கெழம, மணி ஆறாச்சு. நாளைக்கும் நாளன்னைக்கும் ஆபீஸு லீவு. திங்கக்கெழம காலையில பத்து மணி வரைக்கும் நீ முதலாளியாவே இருந்துக்க மாப்ளே, யாரும் கேக்க மாட்டாங்க.